நாயோடு நடந்தபடியே பருவத்தைப் படிக்க: ஏரிக்கரைக் குடியிருப்புகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

நாய் வளர்ப்பவருக்கு மழை, விடுமுறை, சோம்பல் எதுவும் கணக்கில்லை. விடிந்தால் வெளியே போயே ஆக வேண்டும். பறவை பார்ப்பவர்கள் பலருக்கு வாய்க்காத வசதி இது. ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கல் போய் நாற்பது இனங்களைக் குறித்துக்கொண்டு வருபவரிடம், அவர் தெருப் புங்கமரம் எந்த வாரம் தளிர்விட்டது என்று கேட்டுப்பாருங்கள், பெரும்பாலும் பதில் இருக்காது. பருவமாற்றம் பிடிபட ஒரே வழி, ஒரே நேரம், விடாத தொடர்ச்சி மூன்றும் வேண்டும். மூன்றையும் நாய் நம்மிடம் பிடிவாதமாக வாங்கிவிடுகிறது.

இங்கே சொல்லும் மாதக் கணக்கு சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துச் சமவெளிக்கு உரியது. ஏரிக்கரை, வயலோரம், இன்னும் வீடு எழும்பாத காலி மனைகள் உள்ள புறநகர் என்றால் அப்படியே பொருந்தும். கோவை, தென்காசி போலத் தென்மேற்குப் பருவக்காற்று எட்டும் ஊர்களில் ஆனி, ஆடி மாதங்களின் கதையே வேறு. அங்கே உள்ளவர்கள் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, மாதங்களைத் தாங்களே நிரப்பிக்கொள்ளலாம்.

வழியும் நிறுத்தங்களும்

ஒன்றரை முதல் இரண்டு கிலோமீட்டர் போதும். நீளத்தைவிட வகை முக்கியம். கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் புதர், பெரிய மரங்கள் உள்ள ஒரு தெரு, ஒரு வெட்டவெளி என்று நான்கும் வரும்படி வழியைப் போடுங்கள். அதில் ஐந்து நிறுத்தங்களைக் குறியுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம். ஐந்துக்கு மேல் வைத்தால் இரண்டாவது வாரமே நாமும் அவசரப்படுவோம், நாயும் இழுக்கும்.

நிறுத்தம் என்பது ஒரு மரமாகவோ, மதகாகவோ, மின்கம்பமாகவோ இருக்கலாம். ஆனால் மாறவே கூடாது. ஏரிக் கலங்கல் பக்கம் ஒன்று, ஆலோ அரசோ இருந்தால் அதன் அடியில் ஒன்று, எருக்கும் ஆவாரையும் மண்டிய காலி மனை ஓரத்தில் ஒன்று என்று வைத்தால் நல்லது. எருக்கஞ்செடியைப் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். அதன் இலையைத் திருப்பினால் கறுப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டைகளோடு வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு இருக்கும். அந்த ஒரு செடியிலேயே முட்டை, புழு, கூட்டுப்புழு, பறக்கும் பூச்சி என்று முழுச் சுற்றையும் பார்த்துவிடலாம். எருக்கம்பால் நாயின் வாயிலும் கண்ணிலும் படக்கூடாது, ஆகவே இலையைத் திருப்பும்போது நாய் உங்கள் மறுபக்கம் நிற்கட்டும்.

நேரம்: சூரியன் உதிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கிளம்புங்கள். சென்னையில் சூரிய உதயம் வைகாசியில் ஏறக்குறைய 5:40, தை மாதத்தில் 6:35. வருடம் முழுக்க 6 மணிக்குப் புறப்படுகிறேன் என்று கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டால், கோடையில் பறவைகள் கத்தி முடித்த பிறகுதான் நீங்கள் போய்ச் சேருவீர்கள். அதே வேளையை வைத்துக்கொள்ளுங்கள், அதே மணியை அல்ல.

கையில் இருக்க வேண்டியவை

8×32 அல்லது 8×42 பைனாகுலர். 10× வேண்டாம். ஒரு கையில் வார் இருக்கும், மறுகையால் மட்டுமே பிடிக்க நேரும். பெருக்கம் கூடக் கூட நடுக்கமும் கூடும். வார் 1.5 முதல் 2 மீட்டர், சாதாரணத் துணிப்பட்டை. பொத்தானை அழுத்தினால் நீண்டு சுருங்கும் வகை இந்த வேலைக்கு ஆகாது. அந்தக் கயிறு எப்போதும் இறுக்கமாகவே இருப்பதால் இழுத்தால் நீளும் என்று நாய் கற்றுக்கொள்ளும். ஓடிய நாய் கயிற்றின் முனையில் நிற்கும் வேகத்தில் கழுத்தும் அடிபடும், உங்கள் விரலும் வெட்டுப்படும். கழுத்துப்பட்டைக்குப் பதில் நெஞ்சைச் சுற்றிவரும் ஹார்னஸ் நல்லது.

பைனாகுலரைத் தூக்குமுன் வாரின் நடுப்பகுதியை இடது காலால் மிதித்துக்கொள்ளுங்கள். நாய் நிம்மதியாக நிற்கும் அளவுக்குத் தளர்வு இருக்கட்டும், பாயும் அளவுக்கு வேண்டாம். வாரின் வளையத்தை மணிக்கட்டில் மாட்டலாம், விரலில் சுற்றக்கூடாது. இதோடு அரை லிட்டர் தண்ணீர், மடக்குக் கிண்ணம், மலம் அள்ளும் பை, உண்ணி எடுக்கும் சிறு இடுக்கி, கையடக்கக் குறிப்பேடு, பென்சில். மழையில் பேனா மை கரையும்.

நாய்க்குச் சொல்லித்தர வேண்டிய இரண்டு சொற்கள்

‘நில்’, ‘விடு’. இவை இரண்டும் வராமல் வெளியே போய்ப் பறவை பார்க்க நினைப்பது வீண்.

முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும். வேகவைத்த கோழித் துண்டைப் பட்டாணி அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். நாய் அசையாமல் நின்ற மூன்றாவது விநாடியில் ஒரு துண்டு. அப்புறம் பத்து, முப்பது விநாடி, ஒரு நிமிடம் என்று நீட்டுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. இரண்டாம் வாரம் வாசலில், மூன்றாம் வாரம் தெருவில். அணில் உள்ள மரத்திலிருந்து இருபது மீட்டர் தள்ளி நிறுத்திப் பழக்கிய பிறகே பக்கத்தில் போங்கள். ‘விடு’ என்பதற்குக் கீழே போட்ட பிஸ்கட்டில் தொடங்கலாம். அதை விட்டுவிட்டு உங்களைப் பார்த்தால், அதைவிட ருசியானது கையிலிருந்து கிடைக்க வேண்டும்.

பெரும்பாலும் கெடுவது இரண்டு இடங்களில். பறவையைக் கண்டதும் நாம் வாரை இறுக்கிப் பிடிக்கிறோம். இறுக்கம் வந்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று நாய் துள்ளத் தயாராகிறது. இன்னொன்று, வீட்டை விட்டு வந்ததும் முதல் நிறுத்தத்திலேயே அசையாமல் நிற்கச் சொல்வது. முதல் பதினைந்து நிமிடம் நாயுடையது. மோந்து, கால் தூக்கி, வயிறு காலியாகட்டும். அதுவரை நீங்கள் காதை மட்டும் திறந்து வைத்திருங்கள்.

சிப்பிப்பாறை, கன்னி வகைகளை வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இவை முயல் துரத்த வளர்த்தெடுக்கப்பட்ட, கண்ணால் வேட்டையாடும் நாய்கள். ஓடும் எதையும் விடாது. என்ன பழக்கினாலும் வெட்டவெளியில் வாரைக் கழற்றாதீர்கள். கீரி, முயல், உடும்பு மூன்றுமே ஏரிக்கரையில் உண்டு.

நாயின் உடம்பைப் படிப்பது

மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும்; நாய்க்கு 45,000 வரை எட்டும். சருகுக்கு அடியில் சுண்டெலி கீச்சிடுவது நமக்குக் கேட்காது, நாய் தலையைச் சாய்த்து நிற்கும். ஒரு முன்காலைத் தூக்கி, காதை முன்னே நீட்டி நின்றால், எதையோ கண்ணால் பார்த்துவிட்டது என்று பொருள். மூக்கைத் தரையில் வைத்து இடமும் வலமுமாகப் போனால் இரவில் கடந்துபோன பெருச்சாளி அல்லது மரநாயின் தடம். அந்த இடத்தில் குனிந்து மண்ணைப் பாருங்கள். ஈரமண்ணில் பாதம் பதிந்திருக்கும். முதுகுமுடி சிலிர்த்து, குரைத்துக்கொண்டே பின்வாங்கினால் பாம்பு என்றே வைத்துக்கொண்டு நீங்களும் பின்வாங்குங்கள்.

நாயைப் பார்த்துவிட்டு உடனே மற்றவற்றையும் பாருங்கள். அணில் வாலை வெட்டிவெட்டி ஒரே குரலில் விடாமல் கத்தினால் பூனையோ வல்லூறோ பக்கத்தில் இருக்கும். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரே புதரைச் சுற்றிக் கீழ்நோக்கிப் பார்த்துக் கூச்சல் போட்டால் அதற்குள் பாம்போ கீரியோ. மேய்கிற மாட்டோடு போவதுபோல, புல்லில் நடக்கிற நாயின் பின்னாலும் கரிச்சான் சில சமயம் வரும். கிளம்பும் பூச்சிகளைப் பிடிக்கத்தான்.

குறிப்பேட்டில் ‘இல்லை’ என்று எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதென்றால் இதைக் கடைப்பிடியுங்கள். ‘மாசி 20, குயில் கூவியது’ என்பது தகவல். ஆனால் அதற்கு முந்தைய பத்து நாளும் ‘குயில்: இல்லை’ என்று எழுதியிருந்தால்தான் அது முதல் கூவல் என்று ஆகும். எப்போதாவது வருபவரால் இதைச் சொல்ல முடியாது, தினமும் நாயோடு வருபவரால் முடியும்.

ஒரு நாள் பதிவு இப்படி இருந்தால் போதும்:

நிறுத்தம் 2, காலை 6:10, மேகம், காற்று இல்லை, கடைசி மழை 12 நாள் முன். புங்கம்: பழைய இலை கால் பங்கு, தளிர் முக்கால், மொட்டு உண்டு, பூ இல்லை. குயில் இல்லை. குக்குறுவான் குரல் 1. நாய்: அரசமரத்து வேரில் நெடுநேரம் மோந்தது.

‘நிறைய கொக்கு’ என்று எழுதாதீர்கள். எண்ண முடியாவிட்டால் பத்துப் பத்தாக மதிப்பிட்டு எண் போடுங்கள். நிறத்தை மட்டும் வைத்துப் பெயர் சூட்டாதீர்கள். பெண்குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளி, ஆண் கறுப்பு. வேறு வேறு பறவை என்று எழுதிவைத்தவர்கள் உண்டு. அளவு, அலகு, வால், எங்கே உட்கார்ந்தது, என்ன செய்தது, இவை முதலில், நிறம் அப்புறம்.

மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். ஆனால் கரிச்சான் வல்லூறுபோலக் கத்தும், செயலி ஏமாறலாம். கண்ணால் பார்க்காததைப் பட்டியலில் ஏற்றுவதில் நிதானம் வேண்டும். ஒலிப்பதிவின்போது கைபேசியை நாயின் மூச்சிரைப்பிலிருந்து ஒரு கை தூரம் தள்ளிப் பிடியுங்கள். பறவைப் பட்டியலை ஈபேர்டு என்ற இணையப் பதிவேட்டில் ஏற்றலாம். மரங்களுக்கு சீசன்வாட்ச் என்ற இந்தியத் திட்டம் இருக்கிறது. ஒரு மரத்தைத் தத்தெடுத்து வாரம் ஒருமுறை இலை, பூ, காய் நிலையைப் பதிய வேண்டும். நிறுத்த மரங்களில் ஒன்றையே அதற்குக் கொடுத்துவிடலாம். தை மாதம் பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கும் உங்கள் மூன்று நிமிட நிறுத்தங்களைப் பதினைந்து நிமிடமாக நீட்டினால் ஆயிற்று.

பருவம் பருவமாக

மாசியில் தொடங்குவது நல்லது. வேம்பும் புங்கமும் இலை உதிர்க்கும். கூடுகள் வெளியே தெரியும். செம்மார்புக் குக்குறுவானின் ‘டுக், டுக்’ ஒலி நீளத் தொடங்கும். கல்யாண முருங்கை இருந்தால் அதன் சிவப்புப் பூவில் மைனா, தேன்சிட்டு, கரிச்சான், காகம் எல்லாம் ஒரே கிளையில் கிடைக்கும்.

பங்குனி, சித்திரைதான் வருடத்திலேயே வேகமான மாதங்கள். ஒரே வாரத்தில் புங்கம் மொட்டையிலிருந்து வெளிர்ப்பச்சைக்கு மாறிவிடும். நான்கு நாள் விட்டால் தவறவிட்டீர்கள். வேப்பம்பூ உதிரும், சரக்கொன்றை தொங்கும். பனிக்காலத்தில் அமைதியாக இருந்த குயில் விடியுமுன்னே கூவ ஆரம்பிக்கும். காகம் குச்சி தூக்கிக்கொண்டு போனால் எந்த மரத்துக்கு என்று பாருங்கள், ஏனென்றால் இரண்டு மாதம் கழித்து அந்தக் கூட்டில் காகத்தின் வாயால் இரை வாங்குவது குயில் குஞ்சாகவும் இருக்கலாம். காகக் கூடுள்ள மரத்தடியில் நாயோடு நின்றால் தலையில் கொத்து விழும். குஞ்சு பறக்கும்வரை மூன்று நான்கு வாரம் எதிர்ப்பக்கமாகப் போய்விடுங்கள்.

கத்திரி வெயில் காலத்தில் ஏரி வற்றி சேறு தெரியும். இது ஒரு வகையில் கொடுப்பினை. நத்தைக்குத்தி நாரை, கொக்குகள் எல்லாம் சுருங்கிய குட்டையைச் சுற்றி நெருங்கி நிற்கும். உண்ணிக்கொக்கின் தலையிலும் கழுத்திலும் காவி ஏறியிருக்கும், மடையான் முதுகு அரக்கு நிறமாகும். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் விழும். மரத்தில் மைனாவும் குயிலும், இரவில் பழந்தின்னி வௌவாலும் அதே பழத்துக்கு வரும். ஆடிக்காற்றில் கேட்பதற்கு அதிகமில்லை.

ஆவணிக் கடைசியிலிருந்து வலசை. முதலில் கம்பியில் வரிசையாகத் தகைவிலான், பிறகு கரையில் வாலாட்டி, முள்செடி நுனியில் பழுப்புக் கீச்சான். கீச்சான் ஒரே புதரைப் பல மாதம் விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதால் உங்கள் நிறுத்தத்தில் ஒன்று வந்தால் பங்குனிவரை தினமும் ‘உண்டு, இல்லை’ போடலாம். புரட்டாசி, ஐப்பசியில் ஆறுமணிக்குருவி வரும். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கத்துவதால் அந்தப் பெயர். வலசைக் களைப்பில் வீட்டுத் தோட்டச் சருகில்கூட இறங்கும்; பறக்கத் தெம்பில்லாமல் தத்தும். அப்போது நாய்க்கு அது மிக எளிய இரை. அந்த மாதம் சருகு மூலைகளில் வாரைச் சுருக்கிப் பிடியுங்கள்.

ஐப்பசி முதல் மழை. தட்டான் தாழப் பறக்கும், எறும்பு வெண்மையான எதையோ தூக்கிக்கொண்டு மேடு ஏறும் (முட்டை என்கிறோம், பெரும்பாலும் கூட்டுப்புழு), அந்தியில் ஈசல் கிளம்பும். தட்டானும் எறும்பும் ஈசலும் மழையைச் சொல்லும் என்ற ஊர்ச் சொல் எவ்வளவு பலிக்கிறது என்று உங்கள் நோட்டிலேயே கணக்குப் பார்க்கலாம்: தாழப் பறந்த நாள், அடுத்த 24 மணி நேரத்தில் மழை உண்டா இல்லையா. முதல் பெருமழை இரவில் பெரிய தவளைகளின் ஆண்கள் மஞ்சளாக மாறி, தாடையில் நீலப் பைகளை ஊதிக் கத்தும். ஏழிலைப்பாலையும் மரமல்லியும் பூப்பதும் இப்போதுதான்.

கார்த்திகை, மார்கழியில் நிறைந்த ஏரி. நாமக்கோழி, ஊசிவால் வாத்து, நீலச்சிறகி. இந்த மாதங்களில் நாயைத் தண்ணீரில் இறக்காதீர்கள். ஒருமுறை நாய் குதித்தால் கூட்டம் முழுதும் எழும்பி மறுகரைக்குப் போய்விடும், அன்றைய இரை நேரம் போயிற்று.

ஆள்காட்டி கத்தினால்

பங்குனி முதல் ஆவணிவரை வெட்டவெளியில் மிகக் கவனமாக நடக்க வேண்டியது இதற்காக. ஆள்காட்டி கூடு கட்டாது. சரளை மண்ணில் ஒரு சின்னக் குழி, நான்கு முட்டை, சுற்றிலும் சில கூழாங்கல். முட்டையும் கல்லும் ஒரே நிறம். காலுக்கு அடியில் இருந்தாலும் தெரியாது. நீங்கள் தூரத்தில் இருக்கும்போதே அடைகாக்கும் பறவை சத்தமில்லாமல் எழுந்து சில அடி நடந்துபோய், அப்புறம்தான் பறக்கும். ஆகவே பறவை எழும்பிய இடத்தில் கூடு இருக்காது. தலைக்கு மேலே வந்து கத்திப் பாய்ந்தாலோ, இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு நாயைக் கூப்பிட்டாலோ நீங்கள் மிக நெருங்கிவிட்டீர்கள்.

அப்போது முன்னே போகாதீர்கள், பக்கவாட்டிலும் வேண்டாம். வந்த காலடியிலேயே திரும்புங்கள். அந்த மண்ணில் முட்டை இல்லை என்பது மட்டும்தான் உங்களுக்கு உறுதியாகத் தெரியும். தாய் விலகி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் வெயிலில் முட்டை சூடேறும், மேலே காகம் பார்த்துக்கொண்டிருக்கும். கடும் வெயிலில் வயிற்றிறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும் பறவை இது. வழியை ஒரு மாதம் ஐம்பது மீட்டர் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வருகின்றன.

நாய்க்கு வரும் ஆபத்துகள்

பாம்பு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கும் இந்தப் பகுதியில் உண்டு. கண்ணாடிவிரியன் சருகில் அசையாமல் கிடக்கும், விலகி ஓடாது, குக்கர் ஆவிபோலச் சீறும். கோடை மாதங்களில் ஒரே ஈற்றில் 20, 30 குட்டிகள் போடும். நாயைக் கடித்தால் கட்டுப்போடவோ கீறவோ வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு நேராகக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். இந்த நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்து. அதற்கான விஷத்தில் பெரும்பங்கு வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. உங்கள் பகுதியில் எந்த ஆஸ்பத்திரியில் அந்த மருந்து இருப்பில் இருக்கும், இரவில் எது திறந்திருக்கும் என்று இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தேரையைக் கவ்வினால் வாயில் நுரை தள்ளும். தலையைக் கீழே சாய்த்து, பக்கவாட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஈறை ஈரத்துணியால் துடையுங்கள். தண்ணீர் தொண்டைக்குள் போகக்கூடாது, போனால் விஷமும் கூடப் போகும். தள்ளாடினாலோ வலிப்பு வந்தாலோ உடனே மருத்துவர். மழைக்காலத்தில் முருங்கை மரத்தடியில் கம்பளிப்பூச்சி அப்பிக்கிடக்கும். நாக்கு பட்டால் வாய் வீங்கும்.

தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். தடுப்பூசியை வருடாவருடம் போடுங்கள், குடிக்க வீட்டுத் தண்ணீர் மட்டும். வயலோரத்தில் குருணை மருந்தும் எலிமருந்தும் வைத்திருப்பார்கள். ‘விடு’ பழக்கியது இதற்குத்தான். மாடு மேயும் கரையில் உண்ணி நிச்சயம். வீடு திரும்பியதும் காதுக்குள், விரலிடுக்கு, அக்குள், கழுத்துப்பட்டை அடி. தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி வேண்டாம். துன்புறும் உண்ணி தன் எச்சிலை நாயின் ரத்தத்துக்குள் கக்கும், காய்ச்சல் அப்படித்தான் ஏறும்.

கோடையில் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வையுங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

நாயால் வரும் ஆபத்துகளும் உண்டு. அதன் மலத்தில் உள்ள புழுவும், டிஸ்டெம்பர் என்ற நாய் நோயின் கிருமியும் நரிக்கும் மரநாய்க்கும் போகும். அள்ளிவிடுங்கள், ஏரியில் தள்ளாதீர்கள். தேசியப் பூங்கா, சரணாலயம், காப்புக்காட்டுக்குள் நாயோடு போகவே வேண்டாம். கடற்கரையில் நடப்பவர்கள் தை முதல் சித்திரைவரை வாரைக் கழற்றாதீர்கள். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி என்ற கடலாமை) முட்டையிடவும் குஞ்சு பொரிக்கவும் அதே மணல்தான். நாய் மோப்பம் பிடித்துத் தோண்டிவிடும். டிராக்டர் சக்கரம் போன ரெட்டைத் தடம்போல மணலில் கோடு தெரிந்தால் நாயை நனைந்த மணல் பக்கம் திருப்பிக்கொண்டு, வனத்துறைக்கோ ஊரில் உள்ள ஆமை நடைக் குழுவுக்கோ சொல்லுங்கள்.

தரையில் குஞ்சைக் கண்டால் நாயை முதலில் பத்து மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். இறகு முளைத்துத் தத்தும் குஞ்சு என்றால் அது பறக்கப் பழகுகிறது, தாய் பக்கத்தில் இருக்கும்; கிளையில் தூக்கி வைத்துவிட்டு நகர்ந்தால் போதும். இறகில்லாத வெற்றுடம்பு என்றால் கூட்டைத் தேடி அதிலேயே வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. நாயோடு அங்கேயே காவல் நிற்பதுதான் தாயை வரவிடாமல் தடுக்கும்.